கேஸ் தீர்ந்துபோவதில்லை

மார்ச் மாதம் பாதி கடந்ததும் ஹைதராபாத்தின் மல்காஜ்கிரியில் கார் வைத்திருப்பவர்கள் எல்லோர் காதிலும் ஒரே தீர்ப்பு விழத் தொடங்கும். ஏசியில் குளிர்ச்சி வரவில்லை என்று ஆனந்த்பாக் பக்கமோ நேரேட்மெட் பக்கமோ ஒரு ஷெட்டில் வண்டியை நிறுத்தினால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே பதில் வந்துவிடுகிறது. ‘கேஸ் அயிபோயிந்தி சார்’ என்பார் ஒருவர். ‘கேஸ் கதம் ஹோ கயா சாப்’ என்பார் அடுத்த ஷெட்காரர். அதே வண்டியைச் சென்னைக்கு ஓட்டிப்போய்ப் புதுப்பேட்டையில் காட்டினாலும் ‘கேஸ் இறங்கிடுச்சு சார், ஃபில் பண்ணிடலாம்’ என்பார்கள். அரை மணி நேர வேலை, ஆயிரத்தைந்நூறோ இரண்டாயிரமோ கைமாறுகிறது, காற்று ஜில்லென்று வருகிறது. அடுத்த மார்ச்சில் மறுபடியும் அதே ஷெட்.

இதற்கு அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான். ஏசி கேஸ் பெட்ரோலைப்போல ஓட ஓடக் கரையும், வருஷத்துக்கு ஒருமுறை நிரப்பித்தான் ஆக வேண்டும் என்பது. மெக்கானிக், கார்க்காரர், டாக்ஸி ஓட்டுநர், பழைய கார் வாங்கித் தந்த மாமா, எல்லோருமே இதை மனசார நம்புகிறார்கள். ஆனால் இது பொய். இந்தப் பொய்க்காக நாம் வருஷா வருஷம் பணம் இழக்கிறோம், கம்ப்ரஸரை இழக்கிறோம், வெளியே இருக்கும் வெயிலுக்கும் நம் பங்கைச் சேர்த்துக்கொடுக்கிறோம்.

காரின் ஏசி ஒரு மூடிய சுற்று. இந்தியச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் அதற்குள் இருப்பது ஆர்-134ஏ. சின்னக் கார்களுக்கு 350 முதல் 550 கிராம்வரை போதும். எந்த வகை, எத்தனை கிராம் என்பது பானெட்டுக்கு அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும். கம்ப்ரஸர் இந்த வாயுவை அழுத்துகிறது. அழுத்தத்தில் அது கொதிக்கக் கொதிக்கச் சூடாகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்ஸரில் அந்தச் சூட்டை வெளிக்காற்றிடம் விட்டுத் திரவமாகிறது. பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளை வழியே பீய்ச்சியடித்து, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய சூட்டை வண்டிக்குள் இருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நமக்குக் கிடைக்கும் குளிர்ச்சி அதுதான். அங்கிருந்து மறுபடி கம்ப்ரஸருக்குத் திரும்புகிறது. இந்தச் சுற்றில் எந்த இடத்திலும் எதுவும் எரிவதில்லை. ஒரு கிராம்கூடச் செலவாவதில்லை. கேஸ் குறைந்திருந்தால் அது வெளியே போயிருக்கிறது. வெளியே போயிருந்தால் போன வழி ஒன்று இருக்கிறது. அந்த வழியைத் தேடாமல் கேஸை மட்டும் நிரப்புவது, மொட்டைமாடித் தொட்டியின் ஓட்டையை அப்படியே விட்டுவிட்டுக் கோடை முழுக்க டேங்கர் லாரிக்குச் சொல்லி அனுப்புவதைப் போன்றது. ஹைதராபாத்தில் தண்ணீர் லாரிக்குப் பணம் கொடுத்துப் பழகிய எந்தக் குடும்பமும் அதைச் செய்யாது. காருக்கு மட்டும் செய்கிறோம்.

எதிர்த்தரப்பிடம் இருக்கும் பலமான வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ‘ரப்பர் ஹோஸ் இருக்கிறது, கம்ப்ரஸர் தண்டில் சீல் இருக்கிறது, இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியத்தானே செய்யும்?’ கசியும், உண்மைதான். எவ்வளவு கசியும் என்பதுதான் கேள்வி. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் கார் ஏசிகளுக்கென்றே கொண்டுவந்த விதியில், ஒரு கூலிங் காயில் உள்ள வண்டிக்கு ஆண்டுக்கு 40 கிராம் கசிவுதான் உச்சவரம்பாக இருந்தது. அதற்கு மேல் கசியும் வடிவமைப்புக்கு ஒப்புதல் தரப்படவில்லை. இந்த உச்ச அளவையே கணக்கில் வைத்தாலும், 450 கிராம் கொள்ளும் வண்டியில் ஒரு வருஷம் கழித்து 410 கிராம் மிச்சம் இருக்கும். அந்தக் குறைவை உள்ளே உட்கார்ந்திருப்பவரால் உணரவே முடியாது. இயல்பான கசிவால் குளிர்ச்சி குறைய வேண்டுமென்றால் பல வருஷங்கள் ஆக வேண்டும். போன ஏப்ரலில் நிரப்பியது இந்த ஏப்ரலில் இல்லை என்றால் அதை இயல்பு என்று சொல்வதற்கு வழியே இல்லை. எங்கோ ஒரு ஓ-ரிங் காய்ந்துவிட்டது, கண்டென்ஸரில் கல் பட்டிருக்கிறது, ஹோஸ் முனை தளர்ந்திருக்கிறது, அல்லது கூலிங் காயில் அரித்துவிட்டது.

இது கேஸ் நிஜமாகவே குறைந்திருக்கும் வண்டிகளின் கதை. குறையாத வண்டிகளுக்கும் அதே தீர்ப்புத்தான் எழுதப்படுகிறது என்பது இதைவிடப் பெரிய அநியாயம்.

எங்கள் தெருவில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் வண்டியில் நேரேட்மெட்டைத் தாண்டி ஓடும்போது ஏசி நன்றாகக் குளிரும். ஆனந்த்பாக்கில் ரயில் பாதைக்கு அடியில் நெரிசலில் ஊர்ந்தால் வெறும் காற்றுதான் வரும். ஒவ்வொரு கோடைக்கும் கேஸ் போட்டுவந்தார். ‘என்ன தம்பி, இந்த வருஷமும் தண்டம் கட்டணுமா?’ என்று கேட்டபோது, வண்டியை நிறுத்திய நிலையில் ஏசியைப் போடச் சொல்லி பானெட்டைத் திறந்து பார்த்தோம். கண்டென்ஸருக்கான ஃபேன் அசையவே இல்லை. அதன் வயர் சாக்கெட் கருகி இளகிப்போயிருந்தது. பக்கத்திலேயே ரேடியேட்டர் ஃபேன் ஒழுங்காகச் சுற்றியதால் எஞ்சின் சூடாகவில்லை. அதனால் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்ஸரைக் குளிரவைத்தது. நின்றால் அதுவும் இல்லை. அதோடு கண்டென்ஸரின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தூசியும் பூச்சி இறகும் சேர்ந்து கம்பளிபோல அப்பியிருந்தன. எலக்ட்ரீஷியன் சாக்கெட்டை மாற்றினார், தண்ணீரை மெதுவாகப் பாய்ச்சித் தகடுகளைக் கழுவினோம். அந்த வண்டிக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

‘ஓடும்போது குளிர்கிறது, நின்றால் இல்லை’ என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில் கண்டென்ஸரையும் ஃபேனையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு அறிகுறியும் இப்படி ஓர் இடத்தைக் காட்டும். காற்று நன்றாகக் குளிர்ந்து வருகிறது, ஆனால் வேகம் இல்லையென்றால் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கிறது. ஃபில்டரே வைக்காமல் விற்ற தொடக்கநிலை மாடல்களில் கூலிங் காயிலே தூசி பிடித்திருக்கும். கொஞ்ச நேரம் குளிர்ந்து, நின்று, மறுபடி குளிர்ந்தால் உள்ளே ஈரம் புகுந்து வால்வில் பனிக்கட்டி கட்டுகிறது என்று சந்தேகப்படலாம். ஒரு பக்கத்துக் காற்றுவாயில் குளிர்ச்சியும் மறுபக்கம் வெதுவெதுப்புமாக வந்தால், சூட்டையும் குளிரையும் கலக்கும் உள்தட்டு சிக்கியிருக்கலாம். கம்ப்ரஸர் கிளட்ச் ‘டக்’கென்று பிடிக்கும் சத்தமே கேட்கவில்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, பிரஷர் ஸ்விட்ச் என்று வரிசையாகப் போக வேண்டும். சுற்றுக்காற்று பட்டன் வேலை செய்யாமல் வெளியே இருக்கும் 42 டிகிரி காற்றை இழுத்துக்கொண்டே இருந்தாலும் எந்த ஏசியும் திணறத்தான் செய்யும். இவை எதற்கும் கேஸ் மருந்தில்லை.

இந்த ஊருக்கே உரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. சென்னையின் ஏசி தன் உழைப்பில் கணிசமான பங்கைக் காற்றில் உள்ள ஈரத்தைப் பிழிவதில் செலவழிக்கிறது. அதனால்தான் அங்கே காருக்கு அடியில் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். தக்காணப் பீடபூமியின் ஏப்ரல் வெயில் வறண்டது. இங்கே காயிலுக்குப் பாரம் குறைவு, கண்டென்ஸருக்கு அதிகம். தார் ரோட்டிலிருந்து எழும் அனலும், மௌலாலி பக்கத்து லாரிகள் கிளப்பும் புழுதியும், முளைத்துக்கொண்டே இருக்கும் அடுக்குமாடிகளின் சிமெண்ட் தூளும் நேராக அதன் முகத்தில்தான் படிகின்றன. மல்காஜ்கிரியில் குளிர்ச்சி இல்லாத கார் வந்தால் மெக்கானிக்கின் கை முதலில் போக வேண்டிய இடம் கண்டென்ஸர். போவதோ சிலிண்டருக்கு.

‘கேஜ் வைத்துப் பார்த்தோம் சார், பிரஷர் கம்மி’ என்பது அடுத்த வாதம். அதையும் நின்று பரிசோதிக்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டுக் கேஜ் வைத்தால், அது உள்ளே எத்தனை கிராம் இருக்கிறது என்பதைக் காட்டாது. மூடிய கலத்துக்குள் திரவமும் ஆவியும் சேர்ந்து இருக்கும்வரை அழுத்தத்தை முடிவுசெய்வது வெப்பநிலை மட்டுமே. 35 டிகிரியில் ஆர்-134ஏ ஏறக்குறைய 115 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே 450 கிராம் இருந்தாலும் அதுதான், 250 கிராம் இருந்தாலும் அதுதான். எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கும்போது இரண்டு முள்ளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு என்று எண்ணலாம். தாழ்வழுத்தம் ஏறி, உயரழுத்தம் இறங்கியிருந்தால் கம்ப்ரஸர் பலவீனம். இரண்டும் ஏறியிருந்தால் கேஸ் கூடிவிட்டது, இல்லை கண்டென்ஸர் சூட்டை விடவில்லை. நீலக் கேஜை மட்டும் மாட்டி, முள் ஏறும்வரை சிலிண்டர் வால்வைத் திறந்துவிடுவது ஊகம். எவ்வளவு குறைந்தது என்பதைச் சந்தேகமில்லாமல் சொல்லும் கருவி தராசு ஒன்றே. உள்ளே இருப்பதை முழுக்க வெளியே எடுத்து எடைபோட வேண்டும், ஸ்டிக்கரோடு ஒப்பிட வேண்டும், அதே அளவை எடைபோட்டுத் திரும்ப ஏற்ற வேண்டும்.

‘என்னவோ சொல்கிறீர்கள், போட்டதும் ஜில்லென்று வந்ததே’ என்று அனுபவத்தைக் காட்டுபவர்கள் உண்டு. வரும். கசிந்து குறைந்த வண்டியில் கேஸ் ஏற்றினால் குளிர்ச்சி திரும்பத்தான் செய்யும்; ஓட்டை அங்கேயே இருக்கிறது என்பதால் அது போகவும் செய்யும். கசியாத வண்டியிலும் ஜில்லென்று வருவதற்குக் காரணம் உண்டு. பல ஷெட்டுகளில் கேஸ் போடும்போதே கண்டென்ஸரில் தண்ணீர் அடித்து, ஃபில்டரைத் தட்டிக் கொடுக்கிறார்கள். தண்ணீர் செய்த வேலைக்குச் சிலிண்டர் பெயர் வாங்கிக்கொண்டு போகிறது.

‘கொஞ்சம் கூடவே போடுங்க, இன்னும் நல்லா குளிரும்’ என்று நாமே கேட்பதும் நடக்கிறது. அளவுக்கு மேல் போனால் கண்டென்ஸருக்குள் திரவம் தேங்கி, சூட்டை விடுவதற்கான இடம் சுருங்கிவிடும். உயரழுத்தம் ஏறும், குளிர்ச்சி குறையும், பாதுகாப்பு ஸ்விட்ச் கம்ப்ரஸரை அடிக்கடி நிறுத்தும். திரவம் கம்ப்ரஸருக்கே திரும்பிவிட்டால் அதன் உள்பாகங்கள் உடையும்.

அவசர டாப்-அப்பில் இன்னொரு கேடும் ஒளிந்திருக்கிறது. திறந்த சுற்றுக்குள் போன காற்றும் ஈரமும் வேக்குவம் போட்டால்தான் வெளியேறும். அழுத்தம் ஏறக்குறைய சூன்யத்துக்கு இறங்கும்போது உள்ளே ஒட்டியிருக்கும் தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து வெளியே வரும். அதற்கு அரை மணி நேரமாவது பம்ப் ஓட வேண்டும். பிறகு பம்பை நிறுத்தி முள் நகர்கிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். நகர்ந்தால் ஓட்டை இருக்கிறது. இந்தக் காத்திருப்பைத் தவிர்த்துவிட்டால் உள்ளே தங்கிய ஈரம் எண்ணெயோடும் கேஸோடும் சேர்ந்து அமிலமாகி, அலுமினியத்தை உள்ளிருந்தே அரிக்கும். இன்றைய அவசரம்தான் இரண்டு வருஷம் கழித்துக் காயிலில் ஓட்டையாகத் தெரிகிறது.

‘லீக் தேடினால் டேஷ்போர்டையே கழற்றணும், செலவு தாங்காது’ என்று பயமுறுத்துபவர்களுக்கு ஒரு பதில். கசிவைத் தேடுவதற்கு எதையும் கழற்ற வேண்டியதில்லை. கேஸோடு எண்ணெயும் சேர்ந்தே சுற்றுகிறது. கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு கசிந்து அதன்மேல் தூசி கறுப்பாகப் படிந்திருக்கும். ஹோஸ் முனைகளையும் கண்டென்ஸரின் ஓரங்களையும் டார்ச் அடித்துப் பார்த்தாலே பல கசிவுகள் அகப்படும். அகப்படாவிட்டால் நைட்ரஜனை ஏற்றிச் சோப்பு நுரை தடவலாம். புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தைச் செலுத்தலாம். காயிலில் சந்தேகமென்றால் தண்ணீர் வடியும் குழாய் வாயில் எலக்ட்ரானிக் டிடெக்டரைக் காட்டலாம். காயில்தான் காரணம் என்று உறுதியானால் மட்டுமே டேஷ்போர்டைத் தொட வேண்டும். ஓ-ரிங்கோ ஹோஸோ கண்டென்ஸரோ என்றால் உதிரிபாகம் ராணிகஞ்சில் கிடைக்கும், ஒரு பகலில் வேலை முடியும். கசிவோடு போகும் எண்ணெயை யாரும் ஈடுகட்டாமல் விட்டால் கம்ப்ரஸர் வறண்டு ஒருநாள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதிலிருந்து உதிர்ந்த உலோகத்தூள் சுற்று முழுக்கப் பரவி, கண்டென்ஸரையும் வால்வையும் சேர்த்து மாற்றவைக்கும். அந்தச் செலவில் எத்தனையோ முறை கசிவைத் தேடியிருக்கலாம்.

சிலிண்டருக்குள் இருப்பது என்ன என்பதையும் நாம் கேட்பதில்லை. 2011இல் பல துறைமுகங்களில் குளிர்பதனக் கண்டெய்னர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். வியட்நாமில் பராமரிப்பின்போது ஏற்றப்பட்ட போலி ஆர்-134ஏதான் காரணம் என்று சந்தேகம் போய் நின்றது. அதில் மெத்தில் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருளை உண்டாக்கும். காரின் கண்டென்ஸரும் அலுமினியம்தான். யாருக்கும் தெரியாத சிலிண்டரிலிருந்து வருஷா வருஷம் ஏற்றிக்கொள்ளும் வழக்கம் இந்த ஆபத்தையும் வருஷா வருஷம் புதுப்பிக்கிறது.

இந்தத் தண்டத்தை அதிகம் கட்டுபவர்கள் டாக்ஸி ஓட்டுநர்கள். 2024 ஏப்ரலில் தெலங்கானா கிக் மற்றும் பிளாட்ஃபார்ம் தொழிலாளர் சங்கம் ஹைதராபாத்தில் ‘நோ ஏசி’ இயக்கத்தை நடத்தியது நினைவிருக்கும். ஏசி போட்டு ஓட்டினால் கிலோமீட்டருக்கு 16 முதல் 18 ரூபாய் ஆகிறது, கைக்கு வருவதோ 10 முதல் 12 ரூபாய் என்று ஓட்டுநர்கள் கணக்குச் சொன்னார்கள். பின்சீட்டில் இருந்தவர்களில் பலர் அதை வீம்பு என்று எண்ணினார்கள். தூசி அடைத்த கண்டென்ஸரோடு ஓடும் ஏசி அதே குளிர்ச்சிக்கு எஞ்சினிடமிருந்து அதிக சக்தியைப் பிடுங்குகிறது. அந்த எரிபொருளும் ஓட்டுநர் கணக்கில்தான் போகிறது. அதற்கு மேல் வருஷாந்தரக் கேஸ் செலவு. அந்தக் கிலோமீட்டர் கணக்கை ஒருவர் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், பழுதைக் கண்டுபிடிக்காத பராமரிப்பு அதை இன்னும் மோசமாக்குகிறது என்பதில் சந்தேகமில்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறையிலும் ஏசி கட்டாயம். வெயிலில் உழைப்பவர்களுக்கு மிக நல்ல செய்தி. அந்த லாரிகளையும் இதே ‘கேஸ் போட்டுடலாம்’ வழக்கத்திடம் ஒப்படைத்துவிடக் கூடாது.

கசிந்த கேஸ் எங்கே போகிறது என்பதையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். ஆர்-134ஏ ஓசோனைத் தின்பதில்லை; ஓசோனைத் தின்ற ஆர்-12க்கு மாற்றாக வந்ததுதான் அது. ஆனால் நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல 1,430 மடங்கு சூட்டைப் பிடித்துவைக்கும். 450 கிராம் கசிந்தால் ஏறக்குறைய 640 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 275 லிட்டருக்கும் மேல் பெட்ரோலை எரித்தால் வரும் அளவு அது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் அந்தப் பெட்ரோலில் ஹைதராபாத்திலிருந்து சென்னைக்கு மூன்று முறை போய்த் திரும்பலாம். இப்படிப்பட்ட வாயுக்களைக் குறைக்கும் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றுக்கொண்டது. 2032இல் 10 சதவீதத்தில் தொடங்கி 2047இல் 85 சதவீதக் குறைப்பு என்பது நாடு கொடுத்திருக்கும் வாக்கு. அந்த வாக்கை டெல்லியில் மட்டும் காப்பாற்ற முடியாது. மல்காஜ்கிரி ஷெட்டில் ஓட்டையை அடைக்காமல் ஏற்றும் ஒவ்வொரு கிராமும் அதற்கு எதிராகப் போகிறது.

இதற்கெல்லாம் மெக்கானிக்கை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. ஒரு மணி நேரம் குனிந்து, வயரைத் தொட்டு, கேஜைப் படித்து, ‘உங்க வண்டிக்குக் கேஸ் வேண்டாம் சார், இந்தச் சாக்கெட்தான் போச்சு’ என்று சொல்பவருக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? சாக்கெட் விலையும் ‘சின்ன வேலைதானே’ என்ற பேச்சும்தான். அரை மணியில் கேஸ் ஏற்றியவருக்கு இரண்டாயிரத்தை மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுக்கிறோம். பொருளுக்குப் பணம் கொடுக்கும் நாம் அறிவுக்குக் கொடுப்பதில்லை. அதனால் அறிவுள்ளவரும் பொருளை விற்கக் கற்றுக்கொள்கிறார். கேஸை மீட்டெடுத்து எடைபோடும் இயந்திரத்துக்கு முதலீடு செய்தால் திரும்ப வராது என்று சின்ன ஷெட்காரர் நினைப்பதற்கும் நம் கஞ்சத்தனம்தான் காரணம்.

இந்தக் கோடையில் வண்டியை விடும்போது, பழுதைக் கண்டுபிடிக்கத் தனிக் கூலி தருகிறேன் என்று முதலில் சொல்லுங்கள். ஃபேன் சுற்றுகிறதா, கண்டென்ஸர் சுத்தமா, ஃபில்டர் எப்படி இருக்கிறது என்று கூடவே நின்று பாருங்கள். ‘கேஸ் குறைவு’ என்றால், எத்தனை கிராம் வெளியே வந்தது என்று தராசைக் காட்டச் சொல்லுங்கள். எங்கே கசிந்தது என்று கேளுங்கள்; இடம் தெரியாமல் ஒரு கிராமும் ஏற்ற வேண்டாம் என்று உறுதியாக நில்லுங்கள். எவ்வளவு நேரம் வேக்குவம் ஓடியது, எத்தனை கிராம் ஏற்றியது, எண்ணெய் எவ்வளவு சேர்த்தது என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். வேலை தெரிந்தவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். அவர் இத்தனை நாள் காத்திருந்தது இப்படிக் கேட்கும் வாடிக்கையாளருக்காகத்தான். பதில் சொல்ல முடியாத ஷெட்டிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.